ரோம் போட்ட சாலையில் வந்ததா கிறிஸ்தவம்?

பள்ளிப் பாடநூலில் இருக்கிறது, பிரசங்க மேடையில் ஒலிக்கிறது, ஆவணப்படங்களில் கம்பீரமான பின்னணி இசையோடு வருகிறது: ரோமப் பேரரசு இல்லாதிருந்தால் கிறிஸ்தவம் பரவியிருக்காது. அகஸ்து சீசர் மத்தியதரைக்கடல் உலகத்தை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்தார். போர்கள் ஓய்ந்தன. கல் பாவிய சாலைகள் ஊர்களை இணைத்தன. கிரேக்க மொழி எங்கும் செல்லுபடியானது, ரோமச் சட்டம் எங்கும் ஒன்றாக இருந்தது. அப்படித் தயாராகக் கிடந்த தளத்தில் ஒரு சிறிய யூதக் குழுவின் நம்பிக்கை, முந்நூறு ஆண்டுகளில் பேரரசர் ஒருவரையே தன் பக்கம் இழுக்கும் அளவுக்கு வளர்ந்தது. விசுவாசி இதைத் தெய்வச் செயல் என்பார். விசுவாசம் இல்லாதவர் சாதகமான சூழல் என்பார். பெயர்தான் வேறு, வாதம் ஒன்று.

வாதம் பழையதும்கூட. 3ஆம் நூற்றாண்டில் ஓரிகன், செல்சுஸ் என்ற தத்துவவாதிக்கு எழுதிய மறுப்பில் இதைத் தெளிவாக வைத்தார். பல ராஜ்யங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தால் சீடர்கள் எல்லா நாடுகளுக்கும் போயிருக்க முடியாது. அதனால்தான் உலகத்தை ஒரே அரசனின் கீழ் சேர்த்த அகஸ்துவின் காலத்தில் இயேசு பிறந்தார் என்பது அவர் தரப்பு. அடுத்த நூற்றாண்டில் யூசிபியுஸ் அதையே கான்ஸ்டன்டைனின் அரசவைக்கு ஏற்ற அரசியல் தத்துவமாக விரித்தார்.

இதில் உண்மையே இல்லை என்று சொல்லவில்லை. பவுல் நெயாப்போலியில் கரையிறங்கி பிலிப்பி, அம்பிபோலி, அப்பொலோனியா வழியாகத் தெசலோனிக்கேக்குப் போனது எக்னாத்தியா நெடுஞ்சாலையில்தான். அவர் கடிதங்கள் கிரேக்கத்தில்தான் இருக்கின்றன. ரோமின் முக்கியச் சாலைகள் மொத்தம் சுமார் 80,000 கிலோமீட்டர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கையும் நான் மறுக்க வரவில்லை.

மறுப்பது வேறொன்றை. இந்த வாதம் பேரரசை மேடுபள்ளம் இல்லாத ஒரே சமவெளியாக வரைகிறது. ரோம் அப்படி ஆண்டதே கிடையாது. பேரரசரின் நேரடி மாகாணங்கள், செனட் சபையின் மாகாணங்கள், கப்பம் கட்டும் துணை அரசர்கள், தன்னாட்சி நகரங்கள், ஓய்வுபெற்ற படைவீரர்களின் குடியேற்றங்கள் என்று துண்டு துண்டாகத்தான் ஆண்டது. துண்டுக்குத் துண்டு அதிகாரி வேறு, படை வேறு, தண்டனை வேறு. ஆதி கிறிஸ்தவக் கதையின் திருப்பங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்தத் துண்டுகளின் விளிம்பில்தான் நடக்கின்றன. சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணில் விளிம்பு படாது.

1. எல்லோருக்கும் பொதுவான காரணத்தைக் காட்டி ஒருவருடைய வெற்றியை விளக்க முடியாது. அதே சாலையில்தான் மித்ராவின் பக்தர்களும் ஈசிஸ் தேவியின் பூசாரிகளும் நடந்தார்கள். அதே கிரேக்கத்தில்தான் ஸ்டோயிக்குகளும் பேசினார்கள். அவர்களுக்கும் கிடைத்த வசதியை இவர்கள் வளர்ந்ததற்குக் காரணமாகச் சொல்வது கணக்கில் சேராது.

சாலைதான் காரணம் என்றால், நல்ல சாலை உள்ள இடத்தில் முதலில் பரவியிருக்க வேண்டும். கால் (இன்றைய பிரான்ஸ்) நாட்டிலும் பிரிட்டனிலும் ரோமப் பொறியாளர்கள் போட்ட சாலைகள் இன்றைய நெடுஞ்சாலைகளுக்கே அடித்தளம். ஆனால் முதல் ஒன்றரை நூற்றாண்டில் அங்கே திருச்சபை இருந்ததற்குச் சான்று மிகச் சொற்பம். 177இல் லியோனில் கொல்லப்பட்டவர்களைப் பற்றிய கடிதம் போய்ச் சேர்ந்த இடமே ஆசியாவும் பிரிகியாவும்தான், எழுதப்பட்டது கிரேக்கத்தில். கிழக்கிலிருந்து வந்தவர்களின் சபை அது. மறுபுறம், ரோமின் பிடிக்கு வெளியே தன் சொந்த அரசர்களோடு இருந்த எதெஸ்ஸாவில் சிரியாக் மொழியில் ஒரு கிறிஸ்தவம் தழைத்தது. அங்கிருந்து பாரசீகத்துக்குள் போனது. ஆர்மீனியாவின் அரசர் கான்ஸ்டன்டைன் ரோமில் முழு அதிகாரத்துக்கு வருமுன்னரோ அதை ஒட்டியோ கிறிஸ்தவரானார். சென்னைப் பரங்கிமலைச் சிலுவையைச் சுற்றிச் செதுக்கியிருப்பது லத்தீனும் அல்ல, கிரேக்கமும் அல்ல, பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. ரோமச் சாலை முடிந்த இடத்தில் கதை முடியவில்லை.

2. உலகம் ஒன்றாகிவிட்டது என்று ஓரிகன் சொன்ன அந்த நேரத்தில், கதை நடந்த இடம் மட்டும் ஒன்றாகவில்லை. இந்த மறுப்பில் சற்று நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் பொதுப்புத்தியில் ஆழமாகப் பதிந்த ஒரு காட்சியை இது அழிக்கிறது. இயேசு திரைப்படம் எதை எடுத்தாலும் கலிலேயாவின் தெருக்களில் சிவப்பு மேலங்கியோடு ரோமப் போர்வீரர்கள் அணிவகுப்பார்கள். இயேசு மக்களிடையே நடமாடிய ஆண்டுகளில் கலிலேயாவில் ரோமப் பாசறையே கிடையாது.

மகா ஏரோது கி.மு. 4இல் இறந்ததும் அவன் ராஜ்யம் அவன் மகன்களிடையே மூன்றாகப் பிரிந்தது. யூதேயா, சமாரியா, இதுமேயா மூன்றும் அர்கெலாயுவுக்கு. கலிலேயாவும் யோர்தானுக்கு அக்கரையிலிருந்த பெரேயாவும் அந்திப்பாவுக்கு. ஏரிக்கு வடகிழக்கே உள்ள பகுதிகள் பிலிப்புவுக்கு. அர்கெலாயுவின் கொடுமை தாங்காமல் யூதரும் சமாரியரும் அகஸ்துவிடம் முறையிட, கி.பி. 6இல் அவன் நாடு கடத்தப்பட்டான். அவன் பங்கு மட்டும் ரோம ஆளுநரின் நேரடி ஆட்சிக்குள் வந்தது. அந்திப்பா கி.பி. 39 வரை ஆண்டான். அவனுடைய வரி, அவனுடைய படை, அவனுடைய சிறை.

இப்போது கலிலேயா ஏரிக்கரையில் நின்று பாருங்கள். நீளம் சுமார் 21 கிலோமீட்டர். அகலம் அதில் பாதிக்குச் சற்று மேல். மேற்குக் கரை அந்திப்பாவுடையது. வடகிழக்குக் கரை பிலிப்புவுடையது. தென்கிழக்கே தெக்கப்போலி நகரங்கள். அவற்றின் மேல் சிரியா மாகாண ஆளுநரின் கண். ஒரு மீன்பிடிப் படகு காலையில் புறப்பட்டு மாலைக்குள் மூன்று ஆட்சிகளைத் தொட்டுவிடும். கப்பர்நாகூமில் ஆயத்துறையில் வரி வசூலிக்கும் லேவி உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பிலிப்புவின் நாட்டிலிருந்து அந்திப்பாவின் நாட்டுக்குள் சரக்கு நுழையும் விளிம்பு அது. சாவடி இருந்த ஊரில் சாவடிக்காரன் இருந்தான்.

யோவான் ஸ்நானகனை அந்திப்பா கொன்ற பிறகு இயேசுவின் நடமாட்டத்தை வரைபடத்தில் குறித்துக்கொண்டே போங்கள். படகில் பெத்சாயிதா பக்கம்: பிலிப்புவின் எல்லை. பிறகு தீரு, சீதோன்: சிரியா மாகாணம். அங்கிருந்து தெக்கப்போலி. பிறகு செசரியா பிலிப்பி: மறுபடியும் பிலிப்பு. இயேசுவே மேசியா என்ற பேதுருவின் புகழ்பெற்ற அறிக்கை அந்திப்பாவின் கைக்கு எட்டாத மண்ணில்தான் நிகழ்கிறது. யோவானின் மரணச் செய்தி கேட்டு இயேசு விலகிப் போனார் என்று மத்தேயுவே எழுதுகிறார். ஏரோது அந்திப்பா கொல்லப் பார்க்கிறான் என்று அவரை எச்சரித்த பரிசேயர்கள் லூக்காவில் வருகிறார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் இதுதான் நோக்கம் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் இத்தனை எல்லைகளைத் தாண்டிய பயணத்தை எல்லைகளைச் சொல்லாமல் விளக்குவதற்கு ஒருவருக்கு அசாத்தியமான துணிச்சல் வேண்டும்.

பவுலின் தொடக்கமும் இப்படித்தான். தமஸ்குவில் அவரைப் பிடிக்கக் காவல் போட்டது ரோம் அல்ல, நபத்தேய அரசன் அரேத்தாவின் அதிகாரி. கூடையில் உட்கார்ந்து மதில் வழியே இறங்கித் தப்பியதைப் பவுலே எழுதியிருக்கிறார். அந்த அரேத்தாவின் மகளைத் தள்ளிவிட்டுத்தான் அந்திப்பா ஏரோதியாளை மணந்தான். அந்த மணத்தைக் கண்டித்ததற்குத்தான் யோவானின் தலை போனது என்கின்றன நற்செய்திகள். மாமனாரும் மருமகனும் கி.பி. 36இல் போரிட்டார்கள், அந்திப்பா தோற்றான். ராஜ்யங்கள் மோதாத காலத்தில் கதை நடந்ததாக ஓரிகன் சொன்னது இந்தப் பின்னணியைப் பற்றித்தான்.

அமைதி என்ற மற்றொரு தூணையும் இங்கேயே தட்டிப் பார்த்துவிடலாம். ஏரோது இறந்ததும் வெடித்த கலகத்தை அடக்க சிரியாவின் ஆளுநர் வாருஸ் வந்தபோது, நாசரேத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள செப்போரிஸ் நகரம் எரிக்கப்பட்டது. சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்கிறார் ஜொசிபஸ். 66இல் பெரும் போர், 70இல் எருசலேம் ஆலயம் தரைமட்டம், 132 முதல் 135 வரை மீண்டும் போர். கதையின் தாய்மண்ணில் அந்த அமைதியின் லட்சணம் இது.

3. சிலுவையே ஒரு மாகாண எல்லையின் விளைவு. சொல்லும்போது விசுவாசிகள் சிலருக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும், கணக்கைப் பாருங்கள். யோவான் அந்திப்பாவின் எல்லைக்குள் பிடிபட்டார். பெரேயாவின் மக்கேருஸ் கோட்டையில் கொல்லப்பட்டார் என்கிறார் ஜொசிபஸ், தலை வெட்டப்பட்டது என்கின்றன நற்செய்திகள். இயேசு யூதேயாவின் எல்லைக்குள் பிடிபட்டார். ரோம ஆளுநரின் தண்டனையான சிலுவை கிடைத்தது. இருவரும் ஒரே காலத்தவர், இருவர் பின்னாலும் மக்கள் திரண்டார்கள், இருவரையும் கண்டு அதிகாரிகள் பயந்தார்கள். வேறுபாடு பிடிபட்ட இடம். அர்கெலாயு கொஞ்சம் உருப்படியாக ஆண்டிருந்தால் எருசலேமில் பிலாத்து என்று ஒரு ஆளே இருந்திருக்க மாட்டான்.

பிலாத்துவின் இருப்பிடமும் எருசலேம் அல்ல. மாகாணத் தலைநகரான கடலோரச் செசரியா. 1961இல் அங்குள்ள நாடக அரங்கில் அகழ்ந்தபோது ஒரு சுண்ணாம்புக்கல் கிடைத்தது. யாரோ பிற்காலத்தில் படிக்கட்டுக்காகப் பெயர்த்துப் போட்ட பழைய கல். அதில் சிதைந்த லத்தீன் வரிகளில் திபேரியு பேரரசரின் பெயரால் அமைந்த கட்டடம் ஒன்றும், பிலாத்துவின் பெயரும், யூதேயாவின் பிரிஃபெக்ட் என்ற பதவியும் இருக்கின்றன. அந்தப் பதவிக்காரன் கையில் லீஜியன் கிடையாது. உள்ளூரில் சேர்த்த துணைப்படைதான். லீஜியன்கள் சிரியாவில் இருந்தன. பண்டிகைக் காலத்தில் எருசலேமில் கூட்டம் சேரும்போது அவன் மேலே ஏறி வருவான், முடிந்ததும் கடற்கரைக்குத் திரும்புவான். விசாரணை பஸ்காவை ஒட்டி அவ்வளவு அவசரமாக நடந்ததைப் புரிந்துகொள்ள இது ஒன்றே பெரும்பாலும் போதும்.

அந்த விசாரணையின் நடுவில் லூக்கா ஒரு காட்சி வைக்கிறார். குற்றம் சாட்டப்பட்டவன் கலிலேயன் என்று காதில் விழுந்ததும் பிலாத்து அவரை அந்திப்பாவிடம் அனுப்புகிறான். அவனும் ஊரில்தான் இருந்தான். இரண்டு காவல் நிலைய எல்லைக்கு நடுவில் பிணம் கிடந்தால் ஒருவர் இன்னொருவர் பக்கம் தள்ளிவிடப் பார்ப்பதை அறிந்த நமக்கு இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. பல ஆண்டுகள் கழித்து அதே செசரியாவில் ஆளுநர் பேலிக்ஸ், தன் முன் நிறுத்தப்பட்ட பவுலிடம் கேட்கும் முதல் கேள்வி: எந்த மாகாணம்? சிலிசியா என்று தெரிந்த பிறகுதான் வழக்கைக் கேட்க ஒப்புக்கொள்கிறான். லூக்காவுக்குத் தெரிந்தது நம் பாடநூல் எழுதுபவர்களுக்குத் தெரியவில்லை.

லூக்காவும் இதே விளிம்பில் ஒருமுறை இடறுகிறார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயேசுவின் பிறப்போடு அவர் இணைக்கும் குரேனியுவின் குடிமதிப்பு கி.பி. 6இல் நடந்தது, புதிதாக ரோமின் நேரடி ஆட்சிக்குள் வந்த யூதேயாவுக்காக நடந்தது. நாசரேத்து அந்திப்பாவின் நாடு. அங்கே குடியிருந்தவரை அந்தக் கணக்கெடுப்பு கட்டுப்படுத்தியிருக்காது. மத்தேயுவின் படியோ இயேசு பிறந்தது ஏரோது உயிரோடிருந்தபோது, அதாவது குறைந்தது ஒன்பதாண்டு முன்பு. இதைச் சமன்செய்யப் பலர் பலவிதமாக முயன்றிருக்கிறார்கள். சிக்கல் எங்கே பிறந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

4. ஒரே சட்டம் என்கிறார்கள், எந்தச் சட்டம்? கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசு முழுமைக்கும் பொருந்தும் ஆணை என்று ஏதாவது வந்தது என்றால் அது தெசியு பேரரசர் காலத்தில், 249, 250 வாக்கில். அதுவும் எல்லோரும் பலி செலுத்த வேண்டும் என்ற பொது ஆணைதான். அதுவரை இருநூறு ஆண்டுகள் அவர்களின் தலைவிதி அந்தந்த ஆளுநரின் மனநிலையில் இருந்தது.

கொரிந்தில் யூதர்கள் பவுலை ஆளுநர் கல்லியோன் முன் இழுத்துச் சென்றார்கள். இது உங்கள் மார்க்கத்துத் தகராறு, எனக்கு வேலையில்லை என்று விரட்டிவிட்டான். இந்தக் கல்லியோன் தத்துவவாதி செனெகாவின் அண்ணன். தெல்பியில் கிடைத்த கிளாவுதியு பேரரசரின் கல்வெட்டுத் துண்டுகளைக் கொண்டு அவன் பதவிக்காலத்தை 51, 52 என்று நிறுவ முடிகிறது. பவுலின் வாழ்க்கைக் காலவரிசை முழுவதும் தொங்குவது இந்த ஓர் ஆணியில்தான். அவன் அங்கே உட்கார்ந்திருந்ததே நிர்வாக மாற்றத்தின் பலன். 15ஆம் ஆண்டு முதல் கொரிந்தை உள்ளடக்கிய அகாயா தனக்கென ஆளுநர் இல்லாமல் மோசியாவின் ஆளுநருடைய பொறுப்பில் கிடந்தது. கிளாவுதியு 44இல் அதை செனட்டுக்குத் திருப்பிக் கொடுத்த பிறகே கொரிந்துக்குச் சொந்தமாகப் புரோகொன்சல் வந்தார். பத்தாண்டு முன்பு வந்திருந்தால் பவுலுக்கு கல்லியோனும் இல்லை, அந்த விடுதலையும் இல்லை.

பித்தினியா-பொந்து மாகாணத்தில் 110 முதல் 112க்குள் பிளினி ஆளுநர். நன்கு படித்தவர், வழக்கறிஞர், ரோமின் மேல்மட்டத்து மனிதர். தன் முன் கொண்டுவரப்பட்ட கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று தெரியாமல் திராஜான் பேரரசருக்கு எழுதிக் கேட்கிறார். இப்படிப்பட்ட விசாரணைகளில் நான் கலந்துகொண்டதே இல்லை என்கிறார். அதற்குள் பிடிவாதமாக இருந்த சிலரைக் கொன்றும்விட்டார்; ரோமக் குடியுரிமை உள்ளவர்களை மட்டும் தலைநகருக்கு அனுப்பப் பிரித்து வைத்தார். திராஜானின் பதில் சுருக்கம்: தேடிப் பிடிக்காதே, பெயரில்லாத மொட்டைக் கடிதங்களை எடுக்காதே, குற்றம் நிரூபணமானால் தண்டி, எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி என்று ஒன்றைப் போட முடியாது. ஒரே சட்டம் என்று பேசுபவர்கள் இந்தப் பதிலைப் படித்திருக்க வேண்டாமா? சட்டத்தின் உச்சியில் இருந்தவரே பொதுவிதி கிடையாது என்கிறார்.

ஆசியாவில் 185 வாக்கில் ஆளுநராக இருந்த அர்ரியு அந்தோனினு முன் ஓர் ஊரின் கிறிஸ்தவர்கள் எல்லோரும் தாமாகவே வந்து நின்றார்கள் என்கிறார் தெர்துல்லியன். சிலரைத் தண்டித்துவிட்டு மற்றவர்களைப் பார்த்து, சாகத்தான் ஆசை என்றால் உங்களுக்கு மலை உச்சி இல்லையா, கயிறு இல்லையா என்று கேட்டு அனுப்பிவிட்டானாம். அதற்கு ஐந்தாண்டு முன்னால் ஆப்பிரிக்காவில் சத்துர்னினு என்ற ஆளுநர் சில்லி என்ற ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அவகாசம் கொடுத்துப் பார்த்து, பிறகு தலையை வெட்டச் சொன்னான். நடுவில் இருப்பது கடல் மட்டுமல்ல, இரண்டு அதிகாரிகளின் மனப்போக்கு. முந்நூறு ஆண்டுகள் ரோம் ஓயாமல் துன்புறுத்தியது என்ற பக்திக்கதையும் இங்கே சேர்ந்தே விழுகிறது. பேரரசின் கருணையால் பரவியது என்பவரும், பேரரசின் கொடுமையை மீறிப் பரவியது என்பவரும் பேரரசை ஒரே ஆளாகக் கற்பனை செய்வதில் ஒன்றுபடுகிறார்கள்.

5. பவுலே சாலை வழியாகச் சிந்திக்கவில்லை. அவர் கடிதங்களைத் திறந்தால் மக்கெதோனியா, அகாயா, ஆசியா, கலாத்தியா என்று ரோமின் நிர்வாகப் பெயர்களாகவே விழும். எப்பனெத்து ஆசியாவின் முதல் விளைச்சல், ஸ்தேவானின் வீட்டார் அகாயாவின் முதல் விளைச்சல். எருசலேமின் ஏழைகளுக்கு உண்டியல் எடுத்தபோதும் மக்கெதோனியா எவ்வளவு, அகாயா எவ்வளவு என்று மாகாண வாரியாகப் போட்டி மூட்டுகிறார். எருசலேம் தொடங்கி இல்லீரிக்கம் வரை முடித்துவிட்டேன், இந்தப் பக்கங்களில் இனி இடமில்லை, அடுத்து ஸ்பெயின் என்று ரோமருக்கு எழுதுகிறார். சில நகரங்களில் சில வீடுகளில் சில டஜன் பேர் சேர்ந்ததை வைத்து ஒரு மாகாணமே முடிந்தது என்று கணக்கெழுதுபவர், மாகாணத்தை அலகாக வைத்திருப்பவர் அல்லாமல் வேறு யார்?

அவர் நீண்ட நாள் தங்கிய இடங்களும் அதையே காட்டுகின்றன. கொரிந்தில் ஒன்றரை ஆண்டு, எபேசில் இரண்டு ஆண்டுக்கு மேல். இரண்டும் புரோகொன்சலின் நகரங்கள். ஆளுநர் நீதிமன்றம் நடத்தும் ஊருக்கு மாகாணத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வழக்காளிகளும் வியாபாரிகளும் வந்து சேர்வார்கள், திரும்பிப் போவார்கள். கொலோசெ பக்கம் பவுல் எட்டிப் பார்க்கவில்லை. எப்பாப்பிரா என்பவர் மூலம் சபை அங்கே முளைத்துவிட்டது. பிலிப்பி மட்டும் இந்த வரிசையில் சேராது, ஒப்புக்கொள்கிறேன். அது தலைநகர் அல்ல, படைவீரர் குடியேற்றம். அதற்கேற்ப அங்கே பவுலுக்கு வந்த வம்பும் வேறு மாதிரி: ரோமருக்கு ஒவ்வாத பழக்கங்களைப் பரப்புகிறான் என்ற குற்றச்சாட்டு, பிரம்படி, கடைசியில் அவர் குடியுரிமையைச் சொன்னதும் அதிகாரிகளின் நடுக்கம். அடுத்து அவர் தங்கிய தெசலோனிக்கேயில் சுதந்திர நகரத்துக்குரிய தனி அதிகாரிகள். லூக்கா அவர்களைப் பொலித்தார்க்குகள் என்று குறிப்பிடுகிறார். இலக்கியத்தில் வேறெங்கும் காணாத பெயர் என்று ஒருகாலத்தில் ஐயப்பட்டார்கள். அந்த ஊர்க் கல்வெட்டுகளே ஐயத்தைத் தீர்த்தன. சாலை ஒன்றுதான். அதில் சில நாள் நடைத் தூரத்துக்குள் ஒரு மனிதனுக்கு நேரக்கூடியது முற்றிலும் மாறிவிடுகிறது.

6. மாகாணமே பேரரசு போட்டதுதானே என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. ஆம், ரோம் போட்டதுதான். ஆனால் ஒருமையால் பரவியது என்ற வாதத்தைக் காப்பாற்ற அது உதவாது. ஓரிகனின் வாதப்படி எல்லைகள் அழிந்ததால் வழி திறந்தது. நான் மேலே அடுக்கியவற்றிலோ எல்லைகள் இருந்ததால் வழி திறந்தது, எல்லைகள் இருந்ததால் உயிரும் போனது. இரண்டும் ஒன்றல்ல.

பிழையான வாதம் சும்மா கிடப்பதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் இதையே எடுத்து, அன்று ரோமச் சாலை, இன்று பிரிட்டிஷ் ரயிலும் தந்தியும், இந்தியாவைக் கடவுள் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்ததே நற்செய்திக்காகத்தான் என்று எழுதினார்கள். நடந்தது என்ன? மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கியது டென்மார்க் அரசனின் தரங்கம்பாடியில். அவரைச் சிறையில் தள்ளியவரும் அந்த டென்மார்க்கின் தளபதியே. வில்லியம் கேரி 1800இல் போய் ஒதுங்கியது டேனியரின் செராம்பூரில், கம்பெனி மண்ணில் மிஷனரிக்கு இடமில்லாததால். 1813 சாசனச் சட்டம் வரை அந்தக் கதவு முறையாகத் திறக்கவில்லை. இங்கேயும் பேரரசின் நடுவில் அல்ல, விளிம்பில்தான் கால் ஊன்ற முடிந்தது.

7. கடைசியாக, திருச்சபையின் உடம்பையே பாருங்கள். பேரரசர் தியோக்கிலேத்தியன் மாகாணங்களைப் பிளந்து எண்ணிக்கையைச் சுமார் ஐம்பதிலிருந்து நூறு வரை இரட்டிப்பாக்கினார். 325இல் நிசேயா சங்கம் கூடியபோது, ஒரு மாகாணத்தின் ஆயர்கள் சேர்ந்து ஆயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மாகாணத் தலைநகரின் ஆயர் அதை உறுதிசெய்ய வேண்டும் என்று விதித்தது. சபையின் அதிகார வரைபடம் ரோம எழுத்தர்களின் வரைபடத்தின் மேல் அப்படியே ஒட்டப்பட்டது.

இதன் விபரீதம் கப்பத்தோக்கியாவில் வெளிப்பட்டது. 372 வாக்கில் வாலென்ஸ் பேரரசர் அந்த மாகாணத்தை இரண்டாக்கினார். ஒரு பாதிக்குத் தலைநகர் செசரியா (பிலாத்துவின் ஊரல்ல, அதே பெயருள்ள வேறு நகரம்), அங்கே ஆயர் பசிலியார். மறு பாதிக்குத் தலைநகரான தியானாவின் ஆயர் அந்திமு, இனி நானும் தலைமை ஆயர்தான் என்று கிளம்பினார். பசிலியாருக்குத் தோரஸ் மலையடிவாரத்துப் புனித ஓரெஸ்தே ஆலயத்திலிருந்து வருமானம் ஏற்றிவந்த கோவேறு கழுதைகளை அந்திமுவின் ஆட்கள் வழிமறித்தார்கள். ஆயர்களுக்கிடையே நடந்த வழிப்பறி! பசிலியார் தன் பக்கத்து ஆட்களை எல்லையில் நட, சசிமா என்ற ஊருக்குத் தன் உயிர்நண்பர் நசியான்சு கிரெகோரியாரை ஆயராக்கினார். சசிமா மூன்று சாலைகள் பிரியும் இடத்தில் இருந்த தபால் குதிரை நிலையம். தண்ணீர் இல்லை, புல் பூண்டு இல்லை. தூசியும் வண்டிச் சத்தமும் வரிக்காரர்களும் கால்விலங்குகளும் நாடோடிகளும்தான் என்று கிரெகோரியார் பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் கவிதையில் கசந்து எழுதினார். அந்த ஊரில் அவர் பொறுப்பேற்கவே இல்லை. நட்பில் விழுந்த விரிசல் கடைசிவரை ஆறவில்லை. ரோமச் சாலையின் அற்புதம் வேண்டும் என்பவர்களுக்கு முச்சந்தியே கிடைத்தது. அது யாருக்கும் வேண்டாத ஊர். சண்டை முழுவதும் எல்லைக் கோட்டைப் பற்றியது.

எல்லோரும் இதற்கு ஒத்துப்போகவும் இல்லை. அரசு மாகாணத்தைப் பிரித்தால் சபையும் பிரிய வேண்டியதில்லை என்று ரோமின் ஆயர் முதலாம் இன்னசென்ட் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவுக்கு எழுதினார். ஆனால் 451இல் கல்சேதோன் சங்கம், பேரரசர் புது நகரம் ஏற்படுத்தினால் சபையின் ஒழுங்கு அரசின் ஒழுங்கைப் பின்பற்றட்டும் என்று 17ஆம் விதியில் எழுதிவைத்தது.

எருசலேமுக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 135க்குப் பிறகு பேரரசர் ஹாட்ரியன் அதை ஏலியா என்ற ரோமக் குடியேற்றமாக்கி, யூதர்களை உள்ளே விடாமல் தடுத்தார். நிசேயா சங்கமும் அந்த ஊரை ஏலியா என்றே குறிப்பிட்டு, அதன் ஆயருக்கு மரியாதை உண்டு, ஆனால் தலைநகரின் உரிமை குறையக் கூடாது என்றது. தலைநகர் எது? பிலாத்து குடியிருந்த அதே செசரியா. இயேசு மரித்து உயிர்த்ததாகச் சபை அறிக்கையிடும் ஊரின் ஆயர், கல்சேதோன் வரை, அவரைக் கொல்லத் தீர்ப்பெழுதிய ஆளுநரின் ஊர் ஆயருக்குக் கீழ்ப்பட்டவராக இருந்தார். எந்தச் சாலை இதைச் செய்தது என்று சாலைக் கட்சிக்காரர்கள் சொல்லட்டும்.